மாத்திரை தரும் உறக்கமும் மறுநாள் மந்தமும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற நலவாழ்வு அமர்வில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் உறக்க மாத்திரையைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். கல்வி என்பது ஏட்டோடும் தேர்வோடும் முடிவதன்று. நம் உடம்பிற்குள் செல்லும் பொருள் யாது, அது அங்கே எத்தனை மணி நேரம் தங்குகிறது என்று அறிந்துகொள்வதும் கல்வியே ஆகும். நாம் மருத்துவர் அல்லோம், ஆசிரியர். ஆயினும், மருத்துவர் எழுதிய சீட்டைப் படித்துச் சொல்லுமாறு கேட்டு நம்மிடம் வருவோர் பலர். அவர்களுள் உறக்கத்திற்கான மாத்திரை உண்போரின் குறை பெரும்பாலும் ஒன்றே: "இரவு தூக்கம் வருகிறது ஐயா, ஆனால் காலையில் தலை தூக்க முடியவில்லை."

இக்குறை எல்லோர்க்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பத்து மணிக்கு நாற்காலியில் அமர்பவர்க்கு அது ஒரு சிறு தொல்லை. நம் மக்களின் காலையோ கதிரவனுக்கு முன்பே தொடங்குவது. மதுரைத் தெருக்களைத் துப்புரவு செய்வோர் விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்புகின்றனர். மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்குச் செல்லும் மல்லிகையைச் சுற்றுப்புறச் சிற்றூர்களின் பெண்கள் இருள் பிரியுமுன் பறிக்கின்றனர். கொத்தனாரும் சித்தாளும் சாரத்தின் மீது ஏறி நிற்கின்றனர். இவர்கட்குத் தலைக்கிறக்கம் என்பது கால் தவறும் ஆபத்து; கூலி இழக்கும் ஆபத்து.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. நமக்கு அறிமுகமான ஐம்பது வயதுத் தூய்மைப் பணியாளர் ஒருவர், மனைவியை இழந்த பின் பல மாதங்கள் உறக்கமின்றி வாடினார். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறுவாரம் அதிகாலை வருகைப் பதிவின்போது அவர் நா குழறியது, நடை தள்ளாடியது. மேற்பார்வையாளர், "குடித்துவிட்டு வந்திருக்கிறாய்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். வாழ்நாளில் மதுவைத் தொடாத மனிதர் அவர். அவமானம் தாளாது அன்றிரவே மாத்திரையை நிறுத்தினார். மூன்று இரவுகள் கண் மூடவில்லை. உழைக்கும் மக்கள்மீது "சோம்பேறி", "குடிகாரன்" என்ற பெயர்களை ஒட்டுவது இந்நாட்டின் பழைய வழக்கம். மருந்தின் மந்தத்திற்கும் அதே பெயர் சூட்டப்படுமாயின், அதனை மாற்றும் கடமை படித்தவர்களாகிய நமக்குண்டு.

உறக்கமின்மைக்கு மருத்துவரை நாடுவது வெட்கப்படத் தக்கதா? அண்ணல் அம்பேத்கரின் வாழ்வைப் பாருங்கள். அரசியலமைப்பு வரைவுப் பணியின் பெருஞ்சுமையைத் தாங்கிய காலத்தில், நீரிழிவாலும் கால்களின் நரம்பு வலியாலும் அவர் உறக்கமின்றித் துன்புற்றார். அதனை மறைத்துவைக்கவில்லை, சிகிச்சை நாடிப் பம்பாய் சென்றார். அவ்வேளையில் அறிமுகமான மருத்துவர் சாரதா கபீர் அவர்களையே 15-4-1948 அன்று மணந்தார். அண்ணலுக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு?

இனி மந்தத்தின் காரணத்தைக் காண்போம். பள்ளியில் கதிரியக்கம் படித்த மாணவர்க்கு "அரை ஆயுட்காலம்" என்ற சொல் நினைவிருக்கும். மருந்துக்கும் அது உண்டு. உடம்பில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரமே அது. சோல்பிடெம் என்னும் மாத்திரைக்கு அது ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். இரவு 10 மணிக்கு உண்டால் பன்னிரண்டரைக்குப் பாதி, 3 மணிக்குக் கால், ஐந்தரைக்கு அரைக்கால். அதே மாத்திரையை நள்ளிரவு 12 மணிக்கு உண்டு, 5 மணிக்கு எழுந்தால் கால் பங்கு இன்னும் உடம்பில் இருக்கும். மாத்திரை ஒன்றே, உண்ட நேரமே வேறு.

குளோனசிபாம் போன்றவற்றின் கணக்கு வேறு. அதன் அரை ஆயுட்காலம் 30 மணிக்கு மேல். இரவு 10 மணிக்கு உண்டவர் காலை 5 மணிக்கு எழும்போது ஐந்தில் நான்கு பங்கிற்கும் மேல் உள்ளே இருக்கும். மறுநாள் இரவு அதன்மேல் இன்னொன்று சேரும். 1963 முதல் வழங்கிவரும் டயசிபாமும் இவ்வாறு நெடுநேரம் தங்குவதே. முதியவர்க்கும் ஈரல் நோயுற்றவர்க்கும் இம்மருந்துகள் மேலும் மெதுவாகவே வெளியேறும். இரவில் எழுந்து வெளியே செல்லும் முதியோர் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெண்களின் உடம்பிலிருந்து சோல்பிடெம் ஆண்களினும் மெதுவாக வெளியேறுகிறது. மறுநாள் காலையில் வண்டியோட்டும் திறனைக் கெடுக்கும் அளவு மருந்து இரத்தத்தில் எஞ்சியிருப்பதைக் கண்டு, 2013ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பெண்களுக்கான தொடக்க அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கச் சொன்னது. ஆகவே, "காலையில் மந்தமாயிருக்கிறது" என்று ஒரு தாய் சொன்னால் அது சாக்குப்போக்கு அன்று. மருத்துவர் கேட்டு அறிய வேண்டிய செய்தி.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நால்வகைக் கூறாக வள்ளுவர் "மருந்து" அதிகாரத்தில் வகுத்துள்ளார். அவ்வழியே நம் கடமைகளைக் காண்போம்.

முதலாவது, நோயாளியின் கடமை. மாத்திரையைப் படுக்கையில் சாயும் வேளையில்தான் உண்ண வேண்டும். எழுவதற்கு முழுமையாக ஏழு, எட்டு மணி நேரம் இருக்கிறதா என்று முன்னரே எண்ண வேண்டும். இடையிரவில் விழித்துக்கொண்டு, தாமாக இரண்டாவது மாத்திரை போடலாகாது. மதுவோடு சேர்த்து உண்ணவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும். எழுந்ததும் முகம் கழுவி, வெயிலில் சற்று நடந்து, காலை உணவு கொள்ளுதல் நன்று. ஒரு குவளை தேநீர் குடிப்பதில் தவறில்லை. ஆனால் அது மந்தத்தைச் சற்று மறைக்குமே அன்றி மருந்தை வெளியேற்றாது. தெளிவு வரும்வரை இருசக்கர வாகனமும் சாரமும் இயந்திரமும் வேண்டா. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு மதுவை மட்டும் சொல்லவில்லை. மருந்தின் வயப்பட்டு வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத நிலையையும் சொல்கிறது.

இரண்டாவது, மருத்துவரிடம் செய்ய வேண்டுவது. அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் வரிசையில் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அந்நிமிடங்களை வீணாக்காதிருக்க ஒரு வழி உண்டு. பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றில் இரண்டு வாரத்திற்கு ஐந்து கட்டங்கள் போடுங்கள்: மாத்திரை உண்ட நேரம், உறங்கிய நேரம், எழுந்த நேரம், தலை தெளிந்த நேரம், அன்று உண்ட பிற மருந்துகள். வேலைக்குக் கிளம்பும் நேரத்தையும் மேலே எழுதுங்கள். அதைக் கண்ட மருத்துவர் அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், விரைவில் வெளியேறும் வேறு மருந்தைத் தரலாம். நாம் முன்னர்க் குறிப்பிட்ட தூய்மைப் பணியாளர்க்கு இந்த நோட்டே துணை செய்தது. அவர் விடியற்காலையில் எழுபவர் என்பதே மருத்துவர்க்கு அதுவரை தெரியாது. மருந்து மாறியது, மந்தமும் குறைந்தது.

மூன்றாவது, மருந்தைப் பற்றிய எச்சரிக்கை. சளிக்கும் அரிப்புக்கும் தரும் சில மாத்திரைகள், சில இருமல் மருந்துகள், நரம்பு வலி மருந்துகள் ஆகியனவும் உறக்கம் தருவனவே. அவை சேரும்போது மந்தம் இரட்டிக்கும். எனவே வீட்டிலுள்ள அட்டைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கத்து வீட்டாரின் மாத்திரையை வாங்கி உண்ணாதீர்கள்; நம்முடையதைக் கொடுக்கவும் கொடுக்காதீர்கள். 1-3-2014 முதல் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணையில் இத்தகைய மருந்துகள் பல சேர்க்கப்பட்டு, சீட்டின்றி விற்கலாகாது என்றும், விற்றதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் விதிக்கப்பட்டுள்ளது. பிள்ளைகளின் கைக்கு எட்டாதவாறு அவற்றைப் பூட்டி வையுங்கள்.

மற்றொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நெடுநாள் உண்டுவந்த மாத்திரையை மந்தத்திற்கு அஞ்சி ஒரே நாளில் நிறுத்தலாகாது. நடுக்கம், பதற்றம், சிலர்க்கு வலிப்பும் வரக்கூடும். மருத்துவர் சொல்லும் வகையில் சிறுகச் சிறுகக் குறைப்பதே முறை. எழுப்பியும் எழாதிருத்தல், மூச்சுத் திணறல், ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் ஆகியன கண்டால் தாமதியாது 108 ஊர்தியை அழையுங்கள். உரத்த குறட்டையும் உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதலும் உடையவர் அதனை முன்னரே மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்; அவர்க்கு இம்மாத்திரைகள் தீங்காகலாம்.

நான்காவது, உடனிருப்போரின் கடமை. இளைஞர்களே, இஃது உங்களுக்குரியது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்க்கு அந்த நோட்டை எழுதிக் கொடுங்கள். மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். வேலையிடத்தில் தேவைப்படின், மருத்துவரின் குறிப்பைக் காட்டிச் சில நாள்களுக்குத் தரையில் செய்யும் வேலையோ, தாமதமான முறையோ கேட்டுப் பெற்றுத் தாருங்கள். மாத்திரை உறக்கத்தைத் தரலாம். உறக்கத்தைக் கெடுத்த கடனையும் துயரத்தையும் வெக்கையையும் இரைச்சலையும் அது தீர்க்காது. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல், படுக்கையில் புரளாதிருத்தல், கவலையைப் பேசி இறக்குதல் எனப் பயிற்சியால் உறக்கத்தைத் திருத்தும் முறையே நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதற்சிகிச்சை என்று 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி அறிவுறுத்தியது. மனம்விட்டுப் பேச 14416 என்ற டெலி-மானஸ் எண் 2022 முதல் இருக்கிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் உள்ளது. அங்குச் செல்வோரைப் "பைத்தியம்" என்று ஏளனம் செய்யும் நாவை நம் தெருவில் முதலில் அடக்குவோம்.

நம் சங்கம் இந்த 25 ஆண்டுகளில் பிள்ளைகளுக்கு எத்தனையோ நோட்டுகள் வழங்கியிருக்கிறது. இவ்வாண்டு முதல், மருந்துண்ணும் பெரியோர்க்கும் ஆளுக்கொரு நோட்டு வழங்குமாறு நிருவாகக் குழுவினரை வேண்டிக்கொள்கிறோம். அதில் கட்டம் போட்டுத் தரும் பணியை மாலை வகுப்பு மாணவர்கள் ஏற்கட்டும். செலவு சிறிது, காக்கப்படுவதோ உழைக்கும் ஒருவரின் உயிரும் நற்பெயரும்.