மானியம் யார் கைக்கு?



அமெரிக்காவில் ஆர்க்கன்சா மாகாணத்தைச் சேர்ந்த பாயின்செட் கவுண்டி, நம் ஜில்லாவை ஒத்ததொரு பகுதி. பருத்தி விளையும் பூமி. பருத்தி விலை வீழ்ந்தமையால், சாகுபடியைக் குறைப்போர்க்குப் பணம் கொடுப்பதென்று அந்நாட்டு அரசாங்கத்தார் 1933-இல் சட்டம் செய்தனர். நோக்கம் நன்றே. ஆயின் உடன்படிக்கை நிலச்சொந்தக்காரரோடு செய்யப்பட்டது. வாரக்குடிகளின் பங்கு பெரும்பாலும் அவர்களைச் சேரவில்லை. உழும் நிலம் குறையவே, பலர் குடிசையும் இழந்தனர்.

1934-இல் அங்கே டைரோன்சா என்னும் ஊரின் அருகே, ஒரு பள்ளிக்கூடத்தில், வெள்ளையரும் கறுப்பருமாக 18 பேர் கூடிக் குத்தகை உழவர் சங்கம் கண்டனர். நிறத்தாற் பிரிந்து நின்றவரைத் துன்பம் ஒரு கூரையின்கீழ் அமர்த்திற்று.

அன்பர்களே! தலைமடையிலேயே நீர் நின்றுவிட்டால் கடைமடைப் பயிர் கருகாதோ? 2019-இல் நம் நாட்டில் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில், ஆண்டுக்கு 6,000 ரூபாயும் நிலம் எவர் பேரிலுள்ளதோ அவர்க்கே என்று வகுக்கப்பட்டது. மானியம் கூடாதென்று யான் சொல்ல வரவில்லை. நம்முள் நிலமுடையாரும் உளர்; வாரத்துக்கு உழுவாரும் உளர். நிலமுடையார், தம் பேருக்கு வந்த பணத்தில் உழுதவன் பங்கை முதலில் அளந்து கொடுப்பாராக. சட்டம் மறந்ததை நம் மனச்சாட்சி மறவாதிருக்க வேண்டுமென்பதே என் விண்ணப்பம்.