திருச்சபையும் சர்க்காரும்: அயர்லாந்துப் பெண்கள் கற்ற பாடம்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மதம் வேறு, சர்க்கார் வேறு என்று நாம் சொன்னால், "அது படித்தவர்கள் பேசுகிற பேச்சு, எங்களுக்குக் கூலியும் சோறும்தான் கவலை" என்று சிலர் சொல்கிறார்கள். இன்று அவர்களுக்குத்தான் நாம் பதில் சொல்ல விரும்புகிறோம். மதமும் சர்க்காரும் கைகோத்துக்கொண்ட ஒரு நாட்டில் பிரசவ வைத்தியம் போயிற்று. பெண்ணின் உழைப்புக்குக் கூலி போயிற்று. கடைசியில் உயிரும் போயிற்று. அந்த நாடு அயர்லாந்து.

அயர்லாந்தும் நம்மைப்போலப் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தின் காலடியில் நசுங்கிய நாடு. நிலப்பிரபுக்களுக்குக் குத்தகை அளந்தே ஓய்ந்த குடியானவர்களின் நாடு. அந்தக் கஷ்ட காலத்தில் ஏழைக் குடியானவன் பக்கம் நின்ற பாதிரிமார்களும் உண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1922-ல் சுயாட்சி வந்தபின் நடந்தது வேறு கதை. 1935-ல் கர்ப்பத்தடைச் சாதனங்களின் விற்பனையையும் இறக்குமதியையும் தடுத்துச் சட்டம் போட்டார்கள். 1937-ல் எழுதிய அரசியல் சட்டத்தில் கத்தோலிக்கத் திருச்சபைக்கு "விசேஷ ஸ்தானம்" கொடுத்தார்கள். ஏட்டில் எழுதிய அந்த ஸ்தானம் ஏழையின் வீட்டில் என்ன செய்தது என்று பார்ப்போம்.

தாய்க்கு இலவச வைத்தியம் கூடாதாம்!

நோயல் பிரௌன் என்பவர் அந்நாட்டின் சுகாதார மந்திரி. தாய் தந்தை இருவரையும் காச நோய்க்குப் பறிகொடுத்தவர். 1950-51-ல் அவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். கர்ப்பிணித் தாய்மாருக்கும் 16 வயது வரை குழந்தைகளுக்கும் இலவச வைத்தியம். பணக்காரனா ஏழையா என்று கேள்வி கேட்பதில்லை. இவ்வளவுதான் திட்டம். இதை யார் எதிர்க்க முடியும்?

இரண்டு கூட்டத்தார் எதிர்த்தார்கள். ஃபீஸ் வருமானம் போய்விடுமே என்று டாக்டர்கள் சங்கம் எதிர்த்தது. குடும்பத்தின் காரியத்தில் சர்க்கார் தலையிடுவதாகும், பிள்ளைப்பேறு பற்றித் திருச்சபைக்கு ஒவ்வாத போதனை நுழைந்துவிடும் என்று பிஷப்புகள் எதிர்த்தார்கள். பணப்பையும் பிரசங்க மேடையும் ஒன்று சேர்ந்தன. பிரதமர் காஸ்டெல்லோவின் மந்திரிசபை பணிந்தது. 1951 ஏப்ரலில் பிரௌன் ராஜினாமாச் செய்தார். போகும்போது பிஷப்புகளுடன் நடந்த கடிதப் போக்குவரத்தைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நாட்டை ஆள்வது யார் என்பதை ஜனங்கள் அன்று கண்ணால் கண்டார்கள்.

பணக்காரியின் பிரசவத்துக்கு டாக்டர் வீடு தேடி வருவார். ஏழையின் மனைவிக்கு அந்தத் திட்டம்தான் நம்பிக்கை. நஷ்டம் யாருக்கு என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

கூலியில்லாச் சலவை

ஆலைத் தோழர்களே, இனி வருவது உங்களுக்கு நன்றாகப் புரியும். 1945-ல் அந்நாட்டுச் சலவைக்கூடங்களில் வேலை செய்த பெண்கள் சங்கமாகச் சேர்ந்து, சுமார் மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்து, ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை என்ற உரிமையை ஜெயித்தார்கள்.

அதே காலத்தில் அதே நாட்டில் வேறு சலவைக்கூடங்களும் இருந்தன. அவற்றுக்கு "மக்தலேன்" சலவைக்கூடங்கள் என்று பேர். கன்னியாஸ்திரீகளின் சபைகள் நடத்தியவை. கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்கள், அநாதைகள், வீட்டார் கைவிட்டவர்கள் என்று பலரையும் உள்ளே போட்டுப் பூட்டினார்கள். துவைப்பது, பிழிவது, தேய்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. சம்பளம்? ஒரு காசு கிடையாது. சங்கம்? பேச்சே இல்லை. 1922 முதல் 1996 வரை சுமார் பதினாயிரம் பெண்கள் இப்படி உள்ளே இருந்தார்கள் என்று 2013-ல் வெளியான விசாரணை அறிக்கை சொல்லிற்று. நாலில் ஒருவருக்குமேல் உள்ளே அனுப்பியது சர்க்காரின் கையே என்றும் அதே அறிக்கை சொல்லிற்று. சர்க்கார் இலாகாக்களின் துணிகளும் அங்கே வெளுக்கப்பட்டன. அந்த 2013-ல்தான் பிரதமர் பார்லிமெண்டில் எழுந்து மன்னிப்புக் கேட்டார்.

பாவம் என்று பேர் சூட்டி உழைப்பைச் சும்மா வாங்கிக்கொண்டார்கள். இதற்கு என்ன பேர் என்று பஞ்சாலையில் நிற்கிற பெண்ணுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

மீனவரின் மனைவி தொடுத்த வழக்கு

மேரி மக்கீ என்பவர் ஒரு மீனவரின் மனைவி. நாலு குழந்தைகளின் தாய். இன்னொரு கர்ப்பம் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருந்தார். கர்ப்பத்தடை மருந்தை இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைத்தார். சுங்க அதிகாரிகள் பறித்துக்கொண்டார்கள். "என் புருஷனும் நானும் எத்தனை பிள்ளை பெறுவது என்பதில் சுங்கக்காரருக்கு என்ன வேலை?" என்பதே அவருடைய வழக்கின் சாரம். கீழே தோற்றார், 1973 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார்.

அதற்கு முந்திய ஆண்டுதான், 1972-ல், "விசேஷ ஸ்தானம்" என்ற வாசகத்தை ஜனங்கள் வாக்களித்து அரசியல் சட்டத்திலிருந்து நீக்கியிருந்தார்கள். வாசகம் போயிற்று, ஆதிக்கம் போகவில்லை. முன்வாசலில் வெளியேறியது பின்வாசலில் நுழைந்தது.

எப்படி? 1980-களின் தொடக்கத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. பதினெட்டு மாதத்தில் மூன்று பொதுத்தேர்தல். கருக்கலைப்பு எதிர்ப்புக் கூட்டத்தார் இரண்டு பெரிய கட்சிகளையும் நெருக்கினார்கள். வேலை கொடுக்க வழி தெரியாத கட்சிகள் இந்த வாக்குறுதியைத் தாராளமாகக் கொடுத்தன. 1983 செப்டம்பரில், நூற்றுக்கு 66.9 பேர் வாக்குடன், எட்டாவது திருத்தம் வந்தது. கருவின் உயிருக்கும் தாயின் உயிருக்கும் சம உரிமை என்றது அது. பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 1861-ல் போட்ட சட்டப்படி கருக்கலைப்பு ஏற்கெனவே ஆயுள் தண்டனைக் குற்றம். அதன்மேல் இன்னொரு பூட்டு!

இதைப் புராட்டஸ்டண்டுச் சபைகள் எதிர்த்தன என்பதைக் கவனியுங்கள். அவர்களும் வேதம் படிக்கிறவர்கள்தான். ஒரு சபையின் போதனையை எல்லோர் தலையிலும் சட்டமாக ஏற்றாதே என்பதே அவர்கள் வாதம். மத சுதந்திரம் என்பது இதுவே.

பூட்டுப் போட்டதால் கருக்கலைப்பு நின்றதா? இல்லை. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பிரிட்டனுக்குக் கப்பலும் விமானமும் ஏறினார்கள். கையில் காசுள்ளவள் போய்வந்தாள். காசில்லாதவள் கடன் வாங்கினாள், லீவுக்கும் சம்பள வெட்டுக்கும் பயந்தாள். பிரயாணப் பத்திரம் இல்லாத அகதிப் பெண்ணுக்கு அந்த வழியும் அடைபட்டது. 1992-ல், கற்பழிக்கப்பட்ட 14 வயதுச் சிறுமி ஒருத்தி இங்கிலாந்து போகக்கூடாது என்று ஐகோர்ட்டே தடை போட்டது. நாடு கொதித்தது, சுப்ரீம் கோர்ட் தடையை நீக்கியது. ஆனால் பூட்டு அப்படியே இருந்தது.

கால்வே நகரில் ஓர் இந்தியப் பெண்

2012 அக்டோபரில் நம் நாட்டுப் பெண் ஒருத்தி அதற்குப் பலியானாள். சவிதா ஹலப்பனவர் கர்நாடகத்துப் பெண், வயது 31, பல் டாக்டர், கணவருடன் கால்வே நகரில் வசித்தார். 17 வாரக் கர்ப்பத்தில் வலி கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கரு தங்காது என்று டாக்டர்களே சொல்லிவிட்டார்கள். அப்படியானால் கலைத்துவிடுங்கள் என்று கேட்டார். சிசுவின் இருதயம் துடிக்கிறது, சட்டம் இடங்கொடாது என்று பதில் வந்தது. அது கத்தோலிக்க விஷயம் என்று தாம் சொன்னதாக ஒரு தாதி பின்னர் மரண விசாரணையில் ஒப்புக்கொண்டார். சவிதாவோ இந்து! ரத்தத்தில் நஞ்சு பரவி அக்டோபர் 28-ல் இறந்தார்.

கவனிப்பில் பல தவறுகள் நடந்தன. கிருமி பரவுவதை உரிய நேரத்தில் கண்டுகொள்ளவில்லை. சுகாதாரத் துறையின் விசாரணைக்குத் தலைமை வகித்தவர் இலங்கைத் தமிழரான மகப்பேற்று மருத்துவப் பேராசிரியர் சபாரத்தினம் அருள்குமரன். டாக்டர்களின் கையைக் கட்டிப்போட்டது சட்டமே என்று அவர் 2017-ல் ஐரிஷ் பார்லிமெண்ட் குழுவின் முன்னும் சாட்சி சொன்னார். சவிதா பிறந்த நாட்டில் 1971-லேயே கருக்கலைப்புக்கு டாக்டரின் பொறுப்பில் சட்டம் இடம் கொடுத்திருந்தது.

ஜனங்கள் தீர்ப்பு

பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். யுனைட், மாண்டேட் போன்ற தொழிற்சங்கங்களும் சேர்ந்தன. 2018 மே 25-ல் மறுபடி வாக்கெடுப்பு. நூற்றுக்கு 66.4 பேர் எட்டாவது திருத்தத்தை நீக்கச் சொன்னார்கள். 40 தொகுதிகளில் 39 தொகுதிகள் நீக்கு என்றன. பட்டணம் மட்டுமல்ல, கலப்பை பிடிக்கும் கிராமமும் அப்படியே சொல்லிற்று.

இப்போது ஒரு கணக்கு. 2016 ஜனத்தொகைக் கணக்குப்படி அந்நாட்டில் நூற்றுக்கு 78 பேர் கத்தோலிக்கர். நீக்கு என்றவர்கள் நூற்றுக்கு 66. அப்படியானால் அந்த வாக்குகளில் பெரும்பகுதி யாருடையது? பூசைக்குப் போய் ஜெபமாலை உருட்டும் தாய்மார் வாக்கும் அதில் உண்டு. அவர்கள் கடவுளைக் கைவிடவில்லை. கடவுளின் பேரால் போலீஸ் வைப்பதைக் கைவிட்டார்கள்.

2019 ஜனவரி முதல் 12 வாரம் வரை கருக்கலைப்பு அந்நாட்டுப் பொது வைத்தியத்தில் இலவசம். மனச்சாட்சி இடங்கொடாத டாக்டர் ஒதுங்கிக்கொள்ளலாம். நோயாளியை வேறு டாக்டரிடம் ஒப்படைக்க வேண்டும். உயிராபத்தில் ஒதுங்க முடியாது. கர்ப்பத்தைக் கலைக்க விரும்பாத பெண்ணை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நம்புகிறவனின் உரிமையும் இருக்கிறது, நம்பாதவளின் உயிரும் இருக்கிறது. இரண்டுக்கும் இடமுள்ள சட்டம் சாத்தியம் என்பதற்கு இதுவே சாட்சி.

போராட்டம் முடிந்துவிட்டதா? இல்லை. மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்ற விதி அந்தச் சட்டத்தில் சேர்ந்தே வந்தது. ஆரம்பப் பள்ளிகளில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது திருச்சபையின் நிர்வாகத்தில்தான் நடக்கின்றன.

தோழர்களே! மதத்தின் பேரால் ஒரு சட்டம் வருகிறது என்றால், எந்த நாடானாலும் எந்த மதமானாலும், நாம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இதை நம்பாதவர் கதி என்ன? இதனால் காசுள்ளவளுக்கும் காசில்லாதவளுக்கும் ஒரே கஷ்டமா? இதில் யாருடைய கூலி, யாருடைய வைத்தியம், யாருடைய உயிர் போகிறது?

கோயிலுக்குப் போகிறவர் போகட்டும். மாதா கோயிலுக்கும் மசூதிக்கும் போகிறவர் போகட்டும். எங்கும் போகாதவரும் இருக்கட்டும். பிரசவ அறையின் சாவி மட்டும் எந்தக் குருவின் மடியிலும் இருக்கக் கூடாது. பிள்ளை பெறுவதா, எப்போது, எத்தனை என்பதைச் சுமக்கிறவள் சொல்லட்டும். அதற்கு வேண்டிய வைத்தியத்தை இலவசமாகக் கொடுப்பது சர்க்காரின் கடமை. அந்தக் கடமையைக் கேட்டு வாங்குவது சங்கத்தின் வேலை. ஆண் தொழிலாளியும் கூட நின்று செய்ய வேண்டிய வேலை.