மறந்தோரை மறவோம்!



வேலையிலிருந்து ஓய்ந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னும், கிழக்கு வெளுக்குமுன் எழுந்து, "பெரட்டுக்கு நேரமாகிவிட்டது" என்று கொழுந்துக் கூடையைத் தேடும் மூதாட்டியரை நம் லயங்களிலே காண்கிறோம். அவர்களுக்கு ஊரார் சூட்டும் பெயர் யாது? பேய் பிடித்தவள், கிறுக்கி. யாழ்ப்பாணத்திலோ, 'அறளை பெயர்ந்தது' என்பர்.

தோழர்களே! இது நோய். மறதியால் வாடி மறைந்த ஒரு பெண்மணியின் மூளையை ஆராய்ந்து, அங்கே சிதைவு இருந்ததை 1906ஆம் ஆண்டிலேயே அல்சைமர் என்னும் ஜெர்மன் மருத்துவர் எடுத்துக்காட்டினார். இந்நோயில் அண்மை நினைவுகள் முதலில் அழியும். இளமை நினைவுகள் நெடுநாள் நிலைக்கும். ஆகவேதான் அம்மூதாட்டி கூடையைத் தேடுகிறார்.

பெயரில் என்ன இருக்கிறது என்பீர்கள். மடமை எனப் பொருள்பட்ட பழைய நோய்ப்பெயரை ஜப்பானிய அரசு 2004இல் நீக்கி, அறிதற்குறைபாடு எனப் பொருள்தரும் பெயரை இட்டது. இழிபெயருக்கு அஞ்சும் வீட்டார் நோயாளியை மறைக்கின்றனர். பி12 உயிர்ச்சத்துக் குறைவாலும் தைராய்டுச் சுரப்பிக் கோளாறாலும் வரும் மறதியைப் பல வேளைகளில் மருந்தால் தணிக்கலாம். மறைத்தால் அவ்வாய்ப்பும் போய்விடும்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஏட்டில் பெயரில்லையெனில் நாம் மனிதரல்லரோ என்று கேட்ட மக்கள் நாம். நம் பெயர் நினைவிலில்லையெனில் தாய் தாயல்லளோ?

ஆகவே வைத்தியரிடம் காட்டுவோம், பூட்டி வையோம், இழித்துப் பேசோம். இம்மலைகளைப் பசுமையாக்கிய கரங்களுக்கு நாம் பட்ட கடன் இது.