பிழைப்பெயர்க்கு விடையிறுப்பதா?



ஆங்கிலத்தில் 'மிசுநோமர்' என்றொரு சொல் உண்டு. ஒன்றற்குப் பொருந்தாத பிழைப்பெயரை அது குறிக்கும். அஃது ஆங்கிலேயரின் தாய்ச்சொல்லன்று. இடைக்காலத்தே இங்கிலாந்தின் வழக்குமன்றங்களில் ஆண்ட பிரஞ்சு மொழியினின்று வந்தது. தவறாகப் பெயரிடுதல் என்பதே அதன் முதற்பொருள்.

அம்மன்றங்களில், தன் பெயர் பிழைபட எழுதப்பெற்றிருப்பின், வழக்கிற்கு ஆளானவன் அதனைச் சுட்டி அவ்வழக்கையே தள்ளச் செய்யலாம். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. 'இஃது என் பெயரன்று' என்றவன், தன் மெய்ப்பெயர் இன்னதென்றும் அங்கேயே கூறியாக வேண்டும். 1833-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையியல் வழக்குகளில் இம்முறையை நீக்கியது. ஆயினும் பெயர்ப்பிழை திருத்தப்பெற வேண்டும் என்னும் நெறியை அது நீக்கவில்லை.

தன் மன்றத்தில் ஒருவன் பெயர்க்கு இத்துணை மதிப்பளித்த ஆங்கிலேயன், தமிழ்நிலத்தில் செய்தது யாது? தூத்துக்குடியைத் 'தூட்டிக்கொரின்' ஆக்கினான். தஞ்சாவூரைத் 'தஞ்சோர்' ஆக்கினான். திருவல்லிக்கேணியைத் 'திரிப்ளிக்கேன்' ஆக்கினான். அயலான் நாப் பிறழ்வது இயற்கை. அப்பிறழ்வை ஆவணத்தில் ஏற்றியது ஆட்சியின் செருக்கு. அதனைத் தமிழனே உயர்வென்று கருதித் தன் வாயாற் சொன்னதோ அடிமைத்தனம்!

'தஞ்சாவூரைத் தஞ்சை என்பதும், கோயம்புத்தூரைக் கோவை என்பதும் திரிபல்லவோ?' என வினவுவார் உளர். அல்ல. அவை மரூஉ, இலக்கணம் ஏற்ற இயல்பு வழக்கு. ஊரார் தம் நாவில் தாமே தேய்த்த சொல் வேறு; அயலான் சிதைத்துத் தந்த சொல் வேறு. தாய் மகனைச் சுருக்கி அழைப்பதும், பகைவன் திரித்து அழைப்பதும் ஒன்றாகுமா?

1969-இல் இம்மாநிலம் 'தமிழ்நாடு' எனத் தன் மெய்ப்பெயர் கூறிற்று. 1996-இல் 'மெட்ராசு' நீங்கி ஆங்கிலத்திலும் 'சென்னை' நின்றது. 2020-இல் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழொலிக்கு ஏற்ப மாற்ற ஆணை பிறந்தது. எழுத்துமுறை பற்றிய குறைகள் எழவே, சின்னாளில் அது திரும்பப் பெறப்பட்டது. எழுத்துக் கூட்டுவதில் குறையிருப்பின் அறிஞரைக் கொண்டு திருத்துக. அதன்பொருட்டுப் பிழைப்பெயரைத் தாங்கி நிற்க வேண்டுவதில்லை.

ஆட்சியாவணங்களில் பல ஊர்கள் தம் பெயரை மீளப் பெற்றுவிட்டன. தமிழன் நாவில்தான் அவை இன்னும் மீளவில்லை. ஆங்கிலச் சொல்லொன்றைப் பிறழ ஒலித்தால் நாணுகின்றவன், தன் ஊர்ப்பெயரைப் பிறழ ஒலிக்க நாணாதது ஏன்?

ஆங்கிலேயனைப் பழித்தல் மட்டும் போதாது. பிழையை மறுப்பவன் மெய்ப்பெயரைக் கூறியாக வேண்டும் என்பதே அம்மன்றம் தரும் பாடம். மடலிலும், கடைப்பலகையிலும், பேச்சிலும் ஊர்ப்பெயரை அதன் தமிழ் வடிவில் வழங்குக. பிழைப்பெயரிட்டு அழைப்பார்க்கு மெய்ப்பெயரே விடையாகுக!