மென்பொருள் வேலை: நேர்காணலும் ஆவணங்களும்

மென்பொருள் நிறுவனத்தில் வேலை தேடுகிற தம்பி தங்கைகளுக்கும், அவங்களைப் படிக்க வைத்த பெற்றோருக்கும் சில விஷயங்களைச் சொல்ல வந்திருக்கிறேன். நான் புரோகிராம் எழுதுகிறவன். நேர்காணலில் கேள்வி கேட்கிற பக்கத்திலும் உட்காருகிறவன்.

முதலில் ஒரு கேள்வி. ஒரு லட்சம் கைபேசி எண்கள் கொண்ட பட்டியலில் ஏதாவது ஒரு எண் இரண்டு முறை வந்திருக்கிறதா? ஒவ்வொரு எண்ணையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் சுமார் 500 கோடி ஒப்பீடு ஆகும். அதுக்குப் பதிலா, பார்த்த எண்களை ஒரு 'செட்'டில் போட்டுக்கொண்டே போய், அடுத்தது அதில் ஏற்கெனவே இருக்கா என்று பார்த்தால் ஒரு லட்சம் தேடலில் முடிந்துவிடும். இதில் விடையை மட்டும் நாங்கள் பார்ப்பதில்லை. "இந்த வழி மெதுவாக ஓடும், வேறு யோசிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்றாங்களா என்று கவனிக்கிறோம். மௌனமா உட்கார்ந்தா எங்களுக்கு எதுவும் புரியாது. ஆங்கிலம் தடுமாறினால் நிறுத்தி, சின்னச் சின்ன வாக்கியமா பேசுங்க. அது போதும்.

வேலையில் சேர்ந்த பிறகு, புதுசா எழுதுவதைவிட மற்றவர் எழுதியதைப் படித்துத் திருத்துவதுதான் அதிகம். கல்லூரியிலேயே 'கிட்' பழகிக்கொள்ளுங்க. 'நான் முதல்வன்' திட்டத்தில் உங்க கல்லூரிக்கு வரும் பாடங்களையும் விட்டுவிடாதீங்க. வேலைக்குச் சென்னைக்குத்தான் போகணும் என்றும் இல்லை. விழுப்புரம், தஞ்சாவூர், சேலத்தில் 2024-இல் மினி டைடல் பூங்காக்கள் திறந்தாச்சு.

இப்போது முக்கியமான விஷயம். "மூணு வருஷ அனுபவச் சான்றிதழ் தர்றோம், பணம் கட்டுங்க" என்று சிலர் சொல்வாங்க. வாங்காதீங்க. நிறுவனங்கள் வருங்கால வைப்பு நிதிக் கணக்கின் யு.ஏ.என். எண்ணைக் கேட்கும். அதன் 'சர்வீஸ் ஹிஸ்டரி'யில் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீங்க, எப்போ விலகினீங்க என்பது இருக்கும். சான்றிதழும் அதுவும் ஒத்துப்போகலைன்னா, சேர்ந்து சில மாதம் ஆன பிறகும் வேலை போகும்.

உண்மையாகவே வேலை பார்த்தவங்களுக்கும் இதில் ஒரு சிக்கல் வருவது உண்டு. பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதிவு செய்யாமல் விட்டிருக்கும். ஆதார் இணைந்திருந்தால், விலகி 2 மாதம் கழித்து உறுப்பினர் தளத்தில் நீங்களே ஓ.டி.பி. மூலம் அந்தத் தேதியைப் பதிவு செய்யலாம். நேர்காணலுக்கு முன்பே பார்த்துவிடுங்க. கல்விச் சான்றிதழ்களில் கிடைப்பவற்றை டிஜிலாக்கரில் எடுத்து வைத்துக்கொண்டால் சரிபார்ப்பு சீக்கிரம் முடியும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஒழுங்கான எந்த நிறுவனமும் வேலை கொடுக்க 'டெபாசிட்', 'லேப்டாப் கட்டணம்' என்று பணம் கேட்காது. நகையை அடகு வைத்துக் கட்டுகிற குடும்பங்கள் இருக்கு என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன். பணி ஆணை எந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வந்தது என்று பாருங்க. நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கிற எண்ணுக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்க. ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்க. சீக்கிரம் சொன்னால்தான் அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வழி இருக்கும். பரிவர்த்தனை எண்ணும் வாட்ஸ்அப் உரையாடலும் அழியாமல் இருக்கட்டும். புகார் எழுதும்போது இரண்டும் தேவைப்படும்.