வலைத்தளத்துக்கு இடம் வாடகைக்கு விடும் தொழில்



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. சென்னிமலைப் பக்கம், தறி ஓடுற ஊரு. குழுவில் ஒம்பது வருஷமா கணக்கு நோட்டு எழுதுறேன். "கம்ப்யூட்டர்ல என்னமோ வாடகைக்கு விடுறீங்களாமே, அதைப் பத்திப் பேசுங்க"ன்னு செயலாளர் அக்கா சொன்னாங்க. எங்க மாமியாருக்கே நாலு தடவை சொல்லித்தான் புரிஞ்சது. அதனால மெதுவாவே சொல்றேன்.

ஒரு கடைக்கு வலைத்தளம் இருக்குதுன்னா, அதில் வர்ற படம், விலை, போன் நம்பர் எல்லாம் எங்கியோ ஒரு கம்ப்யூட்டர்ல இருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு துபாயிலிருந்து ஒருத்தர் பெட்ஷீட் பார்த்தாலும் தெரியணும். அப்ப அந்தக் கம்ப்யூட்டரை அணைக்கவே கூடாது. அதுக்குப் பேர்தான் சர்வர். 1991ல உலகத்தின் முதல் வலைத்தளம் ஜெனீவா பக்கத்துல செர்ன் ஆராய்ச்சிக் கூடத்துல ஒரு கம்ப்யூட்டர்ல ஓடுச்சு. இது சர்வர், அணைச்சுடாதீங்கன்னு அதுமேல கையால எழுதி ஒட்டி வெச்சிருந்தாங்க. நம்ம ஊருக் கரண்டுக்கு அந்த மாதிரி ஒண்ணை வூட்டுல வெச்சுக் காப்பாத்த முடியாது. அதனால சர்வர் எங்க கிட்ட இல்லீங்க. பெரிய கம்பெனிக்காரங்க கிட்ட இருக்குது.

தறிக்கொட்டகையை நினைச்சுக்கோங்க. ஒருத்தர் கொட்டகை கட்டி, கரண்டு லைன் இழுத்து வெச்சிருப்பார். இன்னொருத்தர் மொத்தமா குத்தகைக்கு எடுத்து, உள்ளே ரெண்டு தறி, நாலு தறின்னு பிரிச்சு உள்வாடகைக்கு விடுவார். நாங்க அந்த ரெண்டாவது ஆளு. சர்வர்ல ஒரு பங்கை வருஷக் குத்தகைக்கு எடுத்து, சின்னச் சின்னதா பிரிச்சு, பெட்ஷீட் கடை, மரச்செக்கு எண்ணெய்க்காரர், ஒரு நர்சரிப் பள்ளிக்கூடம்னு விடுறோம். கடைக்குப் பெயர்ப் பலகை மாதிரி, டாட் காம், டாட் இன்னுன்னு முடியற வலை முகவரியும் வாங்கிக் குடுக்கிறோம். டாட் இன் நம்ம நாட்டுது, நிக்ஸிங்கற அமைப்பு அதை நிர்வாகம் பண்ணுது. தமிழ் எழுத்துல டாட் இந்தியான்னே முகவரி வாங்கலாம்.

இதை நான் ஒருத்தியா பண்ணலை. எங்க கொழுந்தனார் சம்சாரம் கணினி டிப்ளமோ படிச்சவ, தளம் செய்யறது அவ. பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு பஸ் மாறிப் போய் கடை கடையா பேசுவாங்க. கணக்கும் தேதியும் என்னுது.

இப்ப வரவு செலவு. வருஷ வாடகை முகவரியோட சேர்த்து 3,500 ரூபா. முதல் வருஷம் ஆறே பேரு. 21,000 வந்துச்சு. குத்தகைக்கு 14,000, முகவரிகளுக்கு 6,000, நெட்டுக்கு 8,400 போச்சு. 7,400 கையை விட்டுப் போட்டோம். தளம் செஞ்சு குடுக்கற கூலி தனியா வந்தது, ஆனா அதை லேப்டாப்புக்கு வாங்குன உள்கடனுக்குக் கட்டிட்டோம். எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலை, ஆனா சொல்லாம இருந்ததே எனக்குக் கேட்டுது.

நாலாவது வருஷம் 38 பேரு. 1,33,000 வரவு. எல்லாச் செலவும் போக 65,000 நின்னுது. மூணு பேருக்குப் பிரிச்சா மாசம் ஆளுக்கு 1,800 ரூபா வரும். இது பெரிய பணமான்னு கேட்டா, இல்லை. ஆனா அந்த 38 பேர்ல 32 பேரு பழைய ஆளுங்க. அவங்களுக்காக யாரும் பஸ் ஏறலை. போன வருஷம் குடுத்தவங்க இந்த வருஷமும் குடுத்தாங்க. இந்தத் தொழிலோட லாபம் முழுக்க அந்தப் புதுப்பிப்புலதான் இருக்குது. முதல் வருஷம் 99 ரூபாய்க்குத் தர்றோம்னு விளம்பரம் வருதே, அது எதுக்குன்னு இப்பப் புரியுதுங்களா? ரெண்டாம் வருஷ விலையைப் பாருங்க.

அதனால எங்க தொழிலுக்கு முதலீடு எதுன்னு கேட்டா, தேதி நோட்டைத்தான் காட்டுவேன். ஒரு டாட் காம் முகவரி கெடு தாண்டினா, கொஞ்ச நாள் வரைக்கும் வழக்கமான விலைக்கே புதுப்பிக்க விடுவாங்க. எத்தனை நாள்ங்கறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதையும் விட்டா 30 நாள் மீட்புக் காலம். அப்ப விலை பல மடங்கு. அதுவும் போனா அஞ்சு நாள் கழிச்சு உலகத்துல யார் வேணும்னாலும் வாங்கிக்கலாம். நான் 45 நாளைக்கு முன்னாடி ஒரு போன், 20 நாளைக்கு முன்னாடி ஒரு போன், ஒரு வாரத்துக்கு முன்னாடி நேர்லயே போயிடுவேன். குழுவுல தவணை வசூல் பண்ணிப் பழகுனது இங்கே உதவுதுங்க.

ஒரு அக்கா கதையைச் சொல்லணும், அவங்க சம்மதத்தோடதான் சொல்றேன். மஞ்சள் தூள், சாம்பார் தூள் போடறவங்க. நாங்க தொழிலுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒரு ஆளை வெச்சுத் தளம் செஞ்சாங்க. 2,000 கவர்ல வலை முகவரி அச்சடிச்சாங்க. மூணாம் வருஷம் அந்த ஆளு வாடகையை மூணு பங்கா ஏத்துனார். வேற இடத்துக்கு மாத்திக்கறோம்னு சொன்னப்பதான் தெரிஞ்சது, முகவரியை அவர் பெயர்லயே பதிஞ்சிருக்கார். பணம் குடுத்தது அக்கா, ரசீதுல பேரு அவரோடது. விட்டுத்தர 40,000 கேட்டார். அக்கா குடுக்கலை. இப்பவும் அந்த முகவரியைத் தட்டினா வேற என்னமோ வருது. மீதி கவர்ல எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டினாங்க. நானும் ஒரு நாள் உட்கார்ந்து ஒட்டுனேன். நாலு வருஷமா சேர்ந்த பேரு நகத்துல ஒட்டற பசை மாதிரி உரிஞ்சு போச்சு.

நாங்க ஆரம்பிச்சப்ப எங்களுக்கும் அதே யோசனை சொன்னாங்க. குத்தகை விக்க வந்த ஒருத்தர், "முகவரியை உங்க பேர்லயே போடுங்க, அப்பத்தான் வாடிக்கை ஓடாது"ன்னார். எங்க மூணு பேருக்குள்ள அன்னைக்கு ராத்திரி வாக்குவாதமே வந்துச்சு. ஆறு பேரு மட்டும் இருக்கற நேரத்துல ஒருத்தர் போனாலும் அடி. நான் அந்த ஸ்டிக்கரைத்தான் நினைச்சேன். முடிவா, முகவரி அவங்க பேரு, அவங்க ஈமெயில், அவங்க போன் நம்பர். ரசீதும் அவங்க பேர்ல. போறேன்னு சொன்னா மாற்றுக் குறியெண்ணை அன்னைக்கே குடுத்துடறது. அப்படி இதுவரைக்கும் மூணு பேரு போயிட்டாங்க. யாரும் திரும்பி வரலை. வருத்தம்தான், ஆனா போனதுல ஒருத்தர் அவர் மச்சானை எங்ககிட்ட அனுப்பி வெச்சார்.

இன்னொரு வேலை நகல் எடுக்கறது. 2021 மார்ச் 10ந் தேதி பிரான்ஸ் நாட்டுல ஸ்ட்ராஸ்பர்க் ஊர்ல ஓவிஹெச் கம்பெனியோட சர்வர் கட்டடம் தீப்பிடிச்சு எரிஞ்சது. லட்சக்கணக்கான தளங்கள் நின்னு போச்சு. வேற இடத்துல நகல் வெச்சிருந்தவங்க பொழைச்சாங்க, இல்லாதவங்களுக்கு எல்லாம் போச்சு. அவ்வளவு பெரிய இடத்துலயே அப்படின்னா நம்ம எம்மாத்திரம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எல்லாத் தளத்தையும் ஹார்ட் டிஸ்க்குல இறக்கிடுவோம். அது அரிசி டிரம்முக்குப் பக்கத்துல பீரோவுல இருக்குது. மாசம் ஒருக்கா ஒரு நகலைத் திறந்து பார்த்துடுவோம். நகல் எடுத்தா மட்டும் போதாதுங்க, அது திறக்கணும்.

எல்லாரும் இதை ஆரம்பிங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அடுத்த மாசமே கையில காசு வேணும்னு இருக்கறவங்க ஆடு வாங்குங்க, தையல் மெஷின் வாங்குங்க. இது ரெண்டு வருஷம் பொறுக்கற தொழில். ஒரு வட்டாரத்துக்கு ரெண்டு மூணு குழு போதும்னு நினைக்கிறேன், அதுக்கு மேல வந்தா நமக்குள்ளயே விலையை அடிச்சுக்குவோம். வங்கிக் கடன்ல ஆரம்பிக்காதீங்க, முதல் வருஷம் தவணை கட்டற அளவுக்கு வராது. உள்கடனே போதும். உத்யம் பதிவு இலவசம், யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க. இந்த மாதிரி சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ள இருந்தா பொதுவா ஜிஎஸ்டி பதிவு வேண்டியதில்லை. ஆனா நாம வாங்கற குத்தகைக்கும் முகவரிக்கும் 18 சதவீதம் கட்டித்தான் ஆகணும். விலை போடறப்ப அதை மறந்துடாதீங்க.

கடைசியா ஒரு வேலை. இங்கே ஊறுகாய், தூள், சேலை, பொம்மைன்னு விக்கற குழுக்கள்ல சிலபேர் ஏற்கெனவே தளம் வெச்சிருக்கீங்க. வீட்டுக்குப் போனதும் ரசீதைத் தேடுங்க. முகவரி யார் பேர்ல இருக்குது, எந்த ஈமெயிலுக்குச் செய்தி வருது, கெடு எந்தத் தேதின்னு பாருங்க. புரியலைன்னா வியாழக்கிழமை காலையில பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் கூட்டமைப்பு அலுவலகத்துல நான் இருப்பேன். போனைக் கையோட எடுத்துட்டு வாங்க. பார்த்துச் சொல்றதுக்குக் காசு வாங்க மாட்டோம்.