விட்டு விட்டு

போன வாரம் ஒரு நண்பர் கேட்டார்: "இன்டர்மிட்டன்ட்டுக்குத் தமிழ்ல என்னடா?" எனக்கு உடனே தோணினது, "விட்டு விட்டு". மழை விட்டு விட்டுப் பெய்யுது, காய்ச்சல் விட்டு விட்டு வருதுன்னு தினமும் சொல்றோமே, அதேதான். நின்னுபோச்சுன்னு அர்த்தம் இல்ல; திரும்ப வரும்னு அர்த்தம். எப்போ வரும்ங்கறதுதான் கேள்வி.

நான் காசிமேட்டுப் பையன். எங்க நைனா விசைப்படகுல கடலுக்குப் போனவர். மீன் குஞ்சு பொரிக்கிற காலம்னு வருஷா வருஷம் ஏப்ரல் 15-லிருந்து நம்ம கிழக்குக் கடற்கரையில விசைப்படகுக்குத் தடை. முன்னாடி 45 நாள், மே 29-ஓட முடியும். 2017-லிருந்து 61 நாள், ஜூன் 14 வரைக்கும்.

கூடுதலா 16 நாள்தானேன்னு தோணும். ஆனா ஜூன் ஆரம்பத்துல பள்ளிக்கூடம் திறந்துடும். ஃபீஸ் கட்ட நாள் வந்துடும். படகு இன்னும் கரையில நிக்கும். தடைக்கால நிவாரணம் வீட்டுச் செலவுக்கே பத்தாது. அம்மாவோட கம்மல் அடகுக்குப் போகும், மீன் சீசன்ல திரும்பும். அந்தக் கம்மலே விட்டு விட்டுத்தான் அவங்க காதுல இருந்துச்சு.

இருந்தாலும் அந்த இடைவெளிக்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது. அதனால படகுக்குப் பெயிண்ட் அடிச்சாங்க, இன்ஜினைப் பார்த்தாங்க, வலை பின்னினாங்க. கடலும் கொஞ்சம் மூச்சு விட்டது.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் கலந்தப்போ, அங்க இருக்கிற மீனவர்களுக்குத் தொழில் நின்னது. எப்போ திரும்பப் போகலாம்னு கேட்டா, யாருகிட்டயும் தேதி இல்ல. பசி ரெண்டு இடத்திலயும் ஒண்ணுதான். ஆனா தேதி தெரியாத காத்திருப்பு ஆளையே கரைச்சிடும்.

இதைக் கேட்டுட்டிருக்கிற உங்கள்ல பல பேரு டெலிவரி ஓட்டறீங்க, ஃப்ரீலான்ஸ் பண்றீங்க. வருமானம் விட்டு விட்டு வருது. வாடகையும் இஎம்ஐயும் விடாம வருது. கையில காசு இல்லாத மாசம் உங்களையே திட்டிக்காதீங்க. இந்த இடைவெளிக்குத் தேதி இருக்கான்னு முதல்ல பாருங்க. இருந்தா, வலை பின்னுங்க. இல்லன்னா, தனியா சமாளிக்கப் பார்க்காதீங்க, யாருகிட்டயாவது வாய்விட்டுச் சொல்லுங்க.

அம்மா கம்மல் இப்போ எங்க இருக்குன்னு கேக்கறீங்களா? காதுலதான். ஏப்ரல் வரட்டும், பார்க்கலாம்.